இறக்கி வைப்பதா, கேட்டுப் பெறுவதா, கையால் தொகுப்பதா? உயிரியல் தரவுத்தளங்களை இணைக்கப் புறப்படும் சிறு ஆய்வகத்துக்கு

பெங்களூரில் அண்மையில் சொந்த ஆய்வகம் தொடங்கிய தம்பி ஒருவர், தன் திட்டத்தின் செலவுப் பட்டியலை அனுப்பி ஒரு பார்வை பார்க்கச் சொன்னார். உறவில்லை, திருநெல்வேலிக்காரர். யெலஹங்கா போகும் பஸ்ஸில் அறிமுகமான நாளிலேயே "அக்கா" என்று அழைத்துவிட்டார். அதனால் திட்டும் உரிமையும் எனக்கு வந்துவிட்டது.

திட்டம் இதுதான்: 300 மூலிகைகள், அவற்றில் உள்ள சேர்மங்கள், அந்தச் சேர்மங்கள் மனித உடலின் எந்தெந்தப் புரதங்களோடு பிணைகின்றன, அந்தப் புரதங்களுக்கு எந்த நோய்களில் பங்கு இருக்கிறது. இந்தத் தகவல்கள் பத்துப் பதினைந்து தரவுத்தளங்களில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைக் கோத்து, ஒரே இடத்தில் கேள்வி கேட்கும்படி ஆக்க வேண்டும். மூன்று ஆண்டு அவகாசம். செலவுப் பட்டியலின் முதல் வரி சர்வர். இரண்டாவது யு.பி.எஸ். மூன்றாவது ஏ.சி. தரவைப் படித்துச் சரிபார்க்கும் ஆள் எங்கே என்று தேடினேன். கடைசிப் பக்கத்தில், "தேவைப்பட்டால் கோடை விடுமுறை மாணவர்கள்" என்று இருந்தது.

அந்த ஆளாகப் பன்னிரண்டு ஆண்டுகள் சம்பளம் வாங்கியவள் நான். பதவிப் பெயர் க்யூரேட்டர். ஊரில் அம்மா இன்னும் நான் மியூசியத்தில் வேலை பார்ப்பதாகத்தான் பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆகவே எனக்கு ஒருபக்கச் சாய்வு உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிட்டு, அவர் முன்னால் இருந்த வழிகளை ஒப்பிடுகிறேன்.

முதல் வழி, எல்லாவற்றையும் இறக்கி வைப்பது. ஒவ்வொரு தரவுத்தளத்தின் முழுக் கோப்பையும் நம் சர்வருக்குக் கொண்டுவந்து, ஒரே கிடங்காகக் கட்டுவது. பெரிய சர்வர் வேண்டும் என்ற எண்ணம் இங்கேதான் பிறக்கிறது. உண்மையில் எவ்வளவு வேண்டும் என்று பார்ப்போம். புரதங்களுக்கான யூனிப்ராட் தரவுத்தளத்தில் இரண்டு பகுதிகள். மனிதர்கள் படித்துத் தொகுத்த ஸ்விஸ்-ப்ராட் ஒன்று. 1986-இல் ஆமோஸ் பைரோக் தொடங்கியது, சுமார் 5.7 லட்சம் பதிவுகள். கணினி தானாகக் குறிப்பெழுதிய ட்ரெம்பிள் மற்றொன்று. 1996-இல் வந்தது, ஒரு கட்டத்தில் 25 கோடிப் பதிவுகள் வரை போனது. தம்பிக்கு வேண்டியவை மனிதப் புரதங்கள் மட்டும். ஸ்விஸ்-ப்ராட்டில் அவை இருபதாயிரத்துச் சொச்சம். சேர்மங்களின் செயல்பாட்டு அளவீடுகளைத் தொகுக்கும் கெம்பிள் பெரியதுதான். 2023 நிலவரப்படி சுமார் 24 லட்சம் சேர்மங்கள், 2 கோடி அளவீடுகள். ஆனாலும் சுருக்கிய கோப்பாகச் சில ஜி.பி. அளவில் முடிந்துவிடும். ஒரு நல்ல மேசைக் கணினியும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கும் போதும். பெங்களூரில் ஏ.சி. எதற்கு என்று நாற்பது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கும் அல்சூர்க்காரர்களும் இதில் என் பக்கம்.

கிடங்கின் உண்மையான பலம் வேறு. தரவு உறைந்து நிற்கும். இன்று கேட்ட கேள்விக்கு ஆறு மாதம் கழித்தும் அதே விடை வரும். ஆய்வுக் கட்டுரையைத் திருத்தச் சொல்லி நடுவர் கேட்கும் நாளில் அதன் அருமை தெரியும். பலவீனமும் அதே உறைநிலைதான். யூனிப்ராட் எட்டு வாரத்துக்கு ஒரு முறை புதிய பதிப்பு வெளியிடுகிறது. ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் அதனதன் தாளம். புதுப்பிக்கும் ஸ்கிரிப்டை எழுதியவர் ஒரு மாணவர். அவர் வெளிநாடு போன பிறகு அதைத் தொட யாருக்கும் தைரியம் வராது. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இது கண்முன் நடந்தது. கிடங்கு இரண்டு ஆண்டுகள் அப்படியே கிடந்தது. இடையில், 2015-இல், யூனிப்ராட் ட்ரெம்பிளிலிருந்த நகல்களைக் களைந்தபோது பதிவுகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. பெரும்பாலும் பாக்டீரியாப் புரதங்கள். எங்கள் பட்டியலில் இருந்த எண்களைச் சொடுக்கினால், அந்தப் பதிவு நீக்கப்பட்டது என்ற பக்கம் வந்து நின்றது. பயனர்கள் எங்களைத்தான் திட்டினார்கள், நியாயமாகவே.

இரண்டாவது வழி, எதையும் இறக்காமல் தேவைப்படும்போது ஏ.பி.ஐ. வழியாக, அதாவது நம் நிரல் இணையத்தில் தரவுத்தளத்திடமே நேராகக் கேட்கும் ஏற்பாட்டின் வழியாக, கேட்டுப் பெறுவது. இளைஞர்களுக்கு இது பிடிக்கும். சேமிப்புச் செலவில்லை, விடை எப்போதும் புதியது. ஆனால் கேட்பதற்கும் வரைமுறை உண்டு. அமெரிக்காவின் அரசு உயிரியல் தகவல் மையமான என்.சி.பி.ஐ., பதிவு செய்து பெறும் சாவி இல்லாதவர்களுக்கு நொடிக்கு 3 கேள்வி, சாவி வைத்திருப்பவர்களுக்கு 10 என்று வைத்திருக்கிறது. அதன் சேர்மத் தரவுத்தளமான பப்கெம் நொடிக்கு 5. இருபதாயிரம் ஜீன்களை ஒவ்வொன்றாகக் கேட்டால், நொடிக்கு 3 என்ற வேகத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. 10 என்றால் அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஒரு முறைக்கு இது பெரிதில்லை. ஒவ்வொரு மாணவரும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஓட்டினால் பெரிது. பெரிய வேலைகளை வார இறுதியிலோ, வார நாள்களில் அமெரிக்கக் கிழக்கு நேரப்படி இரவு 9 முதல் காலை 5 வரையோ வைத்துக்கொள்ளும்படி என்.சி.பி.ஐ. கேட்டுக்கொள்கிறது. கோடையில் அது நமக்குக் காலை 6.30 முதல் பிற்பகல் 2.30 வரை. அவர்கள் தூங்கும் நேரம் நமக்கு வேலை நேரமாக அமைந்தது நம் அதிர்ஷ்டம்.

இந்த வழியின் ஆபத்து வேகத்தில் இல்லை. மறுமுனையில் இருப்பவர் கதவைச் சாத்தினால் என்ன செய்வது என்பதில் இருக்கிறது. வளர்சிதை மாற்ற வழித்தடங்களுக்கு, அதாவது உடலில் வேதிவினைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் சங்கிலிகளுக்கு, எல்லோரும் நம்பியிருந்த ஜப்பானின் கெக், 2011 ஜூலையில் தன் முழுக் கோப்புகளை இறக்குவதற்குச் சந்தா வைத்தது. இணையப் பக்கங்கள் திறந்தே இருந்தன. மொத்தமாக எடுப்பதற்குத்தான் பணம். தாவர ஆய்வாளர்கள் சோதனைக்கு அதிகம் பயன்படுத்தும் அராபிடோப்சிஸ் என்ற செடியின் தரவுத்தளமான டேர், அரசு நிதி நின்றதும் 2013 வாக்கில் சந்தா முறைக்குப் போனது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தொகுப்பாளர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டுமே. ஆனால் நம் திட்டம் முழுவதும் அடுத்தவர் வாசலில் நின்று கேட்கும் விடைகளால் ஆனது என்றால், மூன்றாம் ஆண்டில் என்ன ஆகும் என்பது நம் கையில் இல்லை. இன்னொன்று: எந்த நாளில், எந்தப் பதிப்பிடம் கேட்டோம் என்று விடையோடு சேர்த்து எழுதி வைக்காவிட்டால், அதே விடையைத் திரும்பப் பெற வழியே இல்லை. எழுதி வைக்கும் ஆய்வகங்களை விரல்விட்டு எண்ணலாம்.

மூன்றாவது வழி, பிறர் ஏற்கெனவே இணைத்து வைத்திருப்பதை எடுத்துக்கொள்வது. மூலிகைகளைப் பொறுத்தவரை நமக்கு வெகு அருகிலேயே ஒன்று இருக்கிறது. சென்னைத் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் உருவான இம்ப்பாட், தன் இரண்டாவது பதிப்பில் 4,010 இந்திய மூலிகைகளையும் 17,967 தாவரச் சேர்மங்களையும் தருகிறது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது, சேர்மம் செடியின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று குறித்திருப்பது. வேரிலுள்ளது இலையில் இருக்கும் என்று எண்ணிக் கட்டுரை எழுதியவர்கள் எத்தனை பேர்! தம்பியின் 300 செடிகளில் மிகப் பெரும்பாலானவை அதில் இருக்கும். செடிக்கும் சேர்மத்துக்கும் உள்ள உறவை முதலிலிருந்து தொடங்குவது வீண் உழைப்பு என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

சேர்மத்திலிருந்து புரதத்துக்குப் போகும்போதுதான் இந்த வழி சறுக்குகிறது. மஞ்சளிலுள்ள குர்க்குமினை எடுத்துக்கொள்ளுங்கள். கெம்பிள், பப்கெம், பைண்டிங்டிபி என்ற மூன்று தரவுத்தளங்களிலும் அது ஒரு குறிப்பிட்ட புரதத்தைத் தடுப்பதாகப் பதிவு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இணைப்பு மென்பொருள் மூன்று சான்றுகள் என்று எண்ணி, நம்பகத்தன்மை மதிப்பெண்ணை உயர்த்தும். ஆனால் கெம்பிள் தன் தரவைப் பப்கெமுக்குக் கொடுக்கிறது. பைண்டிங்டிபி கெம்பிளிலிருந்து எடுத்துச் சேர்க்கிறது. மூன்று பதிவுகளின் அடியிலும் இருப்பது ஒரே ஆய்வுக் கட்டுரையாக இருக்கலாம். தெருமுனையில் ஒருவர் சொன்னதை மூன்று பேர் திரும்பச் சொன்னால் அது மூன்று சாட்சி ஆகிவிடுமா? ஒவ்வொரு பதிவோடும் மூலக் கட்டுரையின் எண்ணை இழுத்துவந்து, எண் ஒன்றானால் சான்றும் ஒன்று என்று கழிக்க வேண்டும். இதைச் செய்யாத ஒருங்கிணைந்த தளங்கள் நிறைய.

அந்த ஒரே கட்டுரையும் நம்பத் தக்கதா என்பது அடுத்தது. குர்க்குமின் ஒளிரும், புரதங்களோடு வேதிவினை புரியும், திரளும், கரைசலில் சிதையும். பல வகைச் சோதனைகளில் பொய்யான நேர்மறை விடை தரும் சேர்மம் என்று மருந்து வேதியியலாளர்கள் 2017-இல் விரிவாகவே எழுதிவிட்டார்கள். தரவுத்தளத்தின் அட்டவணையில் இந்த எச்சரிக்கைக்கு இடமில்லை. அங்கே ஓர் எண் மட்டும் நிற்கும்.

இங்கிருந்து நான்காவது வழி தொடங்குகிறது: கட்டுரைகளை நாமே படித்துத் தொகுப்பது. இதைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் நேரம் ஆகும், செலவாகும் என்பார்கள். எதற்கு அந்த நேரம் என்று காட்டுகிறேன்.

மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸில் கீரை விற்கும் பெண்ணிடம் வல்லாரை கேட்டால், "ஒந்தெலகா" என்று சொல்லித்தான் எடுத்துத் தருவார். போன மாதம் என் பக்கத்தில் நின்ற முதியவர் அதே கட்டைக் காட்டி, பிராமி என்ன விலை என்று கேட்டார். இருவர் சொன்னதும் தவறில்லை. வல்லாரையைப் பிராமி என்று அழைப்பது இங்கே வழக்கம். வட இந்தியாவிலும் உண்டு. ஆனால் இந்திய ஆயுர்வேத மருந்துத் தரநூலில் பிராமி என்றால் நீர்ப்பிரம்மி, அதாவது பக்கோப்பா மொன்னியேரி. வல்லாரைக்கு அங்கே மண்டூகபர்ணி என்று பெயர். தாவரவியல் பெயர் சென்டெல்லா ஏசியாட்டிகா. இரண்டும் ஈரநிலத்தில் படரும், இரண்டும் நினைவாற்றலுக்கு என்று விற்கப்படும், அவ்வளவுதான் ஒற்றுமை. வல்லாரை, கொத்தமல்லியும் கேரட்டும் சேர்ந்த குடும்பம்; நீர்ப்பிரம்மிக்கும் அதற்கும் தொடர்பில்லை. முன்னதில் ஏசியாட்டிகோசைட், பின்னதில் பக்கோசைட். என் முதல் வேலையில், "பிராமிச் சாறு" என்று மட்டும் எழுதியிருந்த ஒரு கட்டுரையை நான் வல்லாரையின் கீழ் பதிந்துவிட்டேன். எட்டு மாதம் பக்கோசைட் வல்லாரையில் வளர்ந்தது. வெளியூர் மாணவி ஒருத்தி எழுதிக் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. அதற்குள் அந்த வரியிலிருந்து புரதங்கள், வழித்தடங்கள், நோய்கள் என்று நாற்பது இணைப்புகள் கிளைத்திருந்தன.

கீழாநெல்லிக்கும் இதே கதை. இந்தியக் கட்டுரைகள் பலவற்றில் அது ஃபில்லாந்தஸ் நிரூரி என்று இருக்கும். நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி. நம் ஊரில் பறிப்பது பெரும்பாலும் ஃபில்லாந்தஸ் அமாரஸ். எந்தக் கணினியும் தாமாக இதைக் கண்டுபிடிக்காது, ஏனென்றால் எழுத்துப் பிழை எதுவும் இல்லை. இரண்டும் முறையான பெயர்கள். கட்டுரையில் ஹெர்பேரிய மாதிரி எண், அதாவது உலர்த்திய செடிகளைப் பாதுகாத்து வைக்கும் இடத்தில் அந்தச் செடிக்கு இட்ட எண், கொடுத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். கொடுத்திருந்தால் அந்த ஹெர்பேரியத்துக்கு எழுதிக் கேட்கலாம்.

சேர்மங்களுக்கு இத்தகைய குழப்பம் வராதபடி இன்ச்சி-கீ என்ற 27 எழுத்து அடையாளம் இருக்கிறது; அணு அமைப்பிலிருந்தே கணக்கிடப்படுவது. நல்ல ஏற்பாடு. ஆனால் குர்க்குமின் கீட்டோ, ஈனால் என்று இரண்டு வடிவங்களில் ஒன்றிலிருந்து ஒன்றாக மாறிக்கொண்டே இருக்கும். வழக்கமான இன்ச்சி-கீ இவற்றை இரண்டு சேர்மங்களாகக் கருதுகிறது. முதல் 14 எழுத்துகளே வேறாக இருக்கும். ஒரு தரவுத்தளம் ஒரு வடிவத்தில் வரைந்திருக்கும், அடுத்தது மற்றதில். எழுத்துக்கு எழுத்து பொருத்தினால், நம் கிடங்கில் மஞ்சளுக்கு இரண்டு குர்க்குமின்.

புரதங்களின் பக்கம் நடக்கும் பெயர்க் குழப்பத்துக்கு பி.எஸ்.ஏ. என்ற ஓர் உதாரணமே போதும். மருத்துவருக்கு அது புராஸ்டேட் பரிசோதனையில் அளக்கப்படும் புரதம், ஜீன் பெயர் கே.எல்.கே.3. ஆனால் என்.பி.இ.பி.பி.எஸ். என்ற வேறொரு நொதிக்கும் அதே மூன்றெழுத்துதான் செல்லப் பெயர். பெயரை வைத்து இணைக்காதீர்கள், எண்ணை வைத்து இணையுங்கள் என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. எக்செல் வேறு மார்ச்1, செப்ட்1 என்ற ஜீன்களைத் தேதிகளாக மாற்றிவிடும். கடைசியில் 2020-இல் ஜீன் பெயர்க் குழுவே தோல்வியை ஒப்புக்கொண்டு அந்த ஜீன்களுக்குப் பெயர் மாற்றியது.

பிறகு அலகுகள். பழைய கட்டுரைகளில் எடையைச் சொல்லும் மைக்ரோகிராம் கணக்கு, புதியவற்றில் மூலக்கூறுகளின் எண்ணிக்கையைச் சொல்லும் மைக்ரோமோலார். ஒன்றை மற்றொன்றாக மாற்ற மூலக்கூறு எடை வேண்டும். குர்க்குமின் மில்லி லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்றால் 27 மைக்ரோமோலார். இது எளிது. ஆனால் சோதித்தது தூய சேர்மமா, இலைச் சாறா என்று கவனிக்காமல் சாற்றின் அளவைச் சேர்மத்தின் மேல் எழுதிவிடுவதுதான் நான் அதிகம் திருத்திய பிழை. சாற்றுக்கு மூலக்கூறு எடை ஏது?

செயற்கை நுண்ணறிவு படித்துத் தராதா என்று தம்பி கேட்டார். தரும், நானும் பயன்படுத்துகிறேன். கட்டுரையிலிருந்து வரிகளைப் பொறுக்கி முதல் வரைவு கொடுக்கிற வேலையில் அது என்னைவிட வேகம். "தடுப்பு எதுவும் காணப்படவில்லை" என்ற வரியைத் தடுப்பு என்று எடுத்துவருவதும், எலிப் புரதத்தில் செய்த சோதனையை மனிதப் புரதத்தின் மேல் ஏற்றுவதும் உண்டு. ஆகவே ஒவ்வொரு வரியிலும் மூலக் கட்டுரையின் வாக்கியத்தை அப்படியே ஒட்டித் தரச் சொல்லுங்கள். மனிதர் அந்த வாக்கியத்தைப் படித்த பிறகே வரி உள்ளே போகட்டும். கையால் தொகுப்பதன் மதிப்பைப் பற்றிச் சந்தேகமிருந்தால் ஒரு செய்தி: 37 நொதிக் குடும்பங்களை எடுத்து 2009-இல் வெளியான ஆய்வு, ஸ்விஸ்-ப்ராட்டில் தவறான செயல்குறிப்பு ஏறத்தாழ இல்லை என்றும், ட்ரெம்பிள் போன்ற தானியங்கித் தொகுப்புகளில் அது மிக அதிகம் என்றும் கண்டது.

இனிக் கணக்கு. 300 செடிகள், செடிக்கு முக்கியமான 5 கட்டுரைகள் என்றால் 1,500. நான் ஒரு நாளில் ஒழுங்காகப் படித்துத் தொகுப்பது 8 கட்டுரைகள். பழைய ஸ்கேன் பிரதி என்றால் 4. எட்டு என்றே வைத்தாலும் சுமார் 190 வேலை நாள்கள், ஒன்பது மாதம். ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை அளவில் மாதம் 37,000 ரூபாய் கொடுத்தால், வீட்டு வாடகைப்படி நீங்கலாக 3.33 லட்சம். தம்பி சர்வருக்கும் ஏ.சி.க்கும் ஒதுக்கியது இதைவிட அதிகம்.

ஆகவே நான் சொன்னது கலவை. ஸ்விஸ்-ப்ராட்டின் மனிதப் பகுதி, கெம்பிள், இம்ப்பாட் மூன்றையும் பதிப்பு எண்ணோடு இறக்கி உறைய வைப்பது. ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் புதுப்பிப்பது. கெம்பிளில் ஒவ்வொரு சோதனைக்கும் 0 முதல் 9 வரை நம்பிக்கை எண் இருக்கிறது: 9 என்றால் அந்தப் புரதத்தையே நேராகச் சோதித்தது, 8 என்றால் வேறோர் உயிரினத்தின் ஒத்த புரதம். முதல் ஆண்டில் 9 மட்டும். வழித்தடங்களையும் நோய்களையும் நேரலையில் கேட்டுப் பெறலாம். அவை அடிக்கடி மாறுபவை, அவருக்கு அவை கடைசிக் கட்டத்தில்தான் தேவை. மிச்சப் பணம் முழுவதும் ஆளுக்கு. அந்த ஆளின் முதல் வேலை கட்டுரை படிப்பதுகூட இல்லை. ஓர் அடையாள அட்டவணை. செடிக்கு ஒரு வரி: தமிழ்ப் பெயர், கன்னடப் பெயர், வடமொழிப் பெயர், இன்று ஏற்கப்பட்ட தாவரவியல் பெயர், பழைய பெயர்கள், எதை வைத்து முடிவு செய்தோம், யார், எந்தத் தேதியில். சர்வர் எரிந்துபோனாலும் இந்த அட்டவணை இருந்தால் மீதியை ஒரு வாரத்தில் திரும்பக் கட்டிவிடலாம்.

உரிமங்களை மறந்துவிட்டிருந்தார். யூனிப்ராட்டைப் பெயர் குறிப்பிட்டால் யாரும் பயன்படுத்தலாம். கெம்பிளை எடுத்து மாற்றி வெளியிட்டால், அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். வணிகத்துக்குக் கூடாது என்ற நிபந்தனையோடு வரும் தரவை அதோடு கலந்து ஒரே கோப்பாக வெளியிட்டால் சிக்கல். தனித்தனிக் கோப்புகளாக வைத்து, எண்களால் மட்டும் இணைப்பது நல்லது. அவரே புதிதாக மரபணு வரிசைத் தரவு எடுத்தால், அதை ஃபரீதாபாத்தில் 2022 முதல் இயங்கும் இந்திய உயிரியல் தரவு மையத்தில் சேர்க்கலாம். அது தனிக் கதை.

திருத்திய பட்டியல் போன வாரம் வந்தது. சர்வர் இல்லை, ஏ.சி. இல்லை, யு.பி.எஸ். மட்டும் பிடிவாதமாக இருந்தது. பெங்களூர் மழைக்காலத்தை நினைத்து விட்டுவிட்டேன். நேற்றிரவு ஒன்பதரைக்குத் தம்பியே அழைத்தார், அட்டவணையில் சங்கபுஷ்பி வரியில் நின்றுகொண்டு. தரநூலில் அது ஒரு கன்வால்வுலஸ். வேறு சிலருக்கு நம் விஷ்ணுகிரந்தி. தெற்கே பலருக்கு வீட்டு வேலியில் பூக்கும் நீலச் சங்குப்பூ. அவர் கையிலிருந்த கட்டுரையில் சங்கபுஷ்பி என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. மூன்று வரிகள் போடுங்கள், இந்தக் கட்டுரையை எதிலும் சேர்க்காமல் தனியே வையுங்கள் என்றேன். பிறகு, மாதிரி எண் ஏதாவது அடிக்குறிப்பில் இருக்கிறதா என்று கேட்டேன். காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "இருக்கிறது அக்கா, ஆனால் ஹெர்பேரியத்தின் பெயர் இல்லை" என்றார்.